வடக்குச் சக்கரத்தின் பிரேக்

என் பிரியத்துக்குரிய அத்தானுக்கு,

சுகமா என்று எழுதத்தான் பேனா போகிறது. நீங்கள் இருக்கிற இடத்தில் சுகக்கேடு என்று ஒன்று இருக்காது என்று நினைக்கிறேன். ரோடு எப்படி என்று மட்டும் தெரிந்தால் நன்றாயிருக்கும்.

எங்கள் வேன் ஓட்டுநர் சங்கத்து ஆண்டு மலரில் மறைந்தவர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். படத்தைப் போட்டு, கீழே 'நீங்காத நினைவுடன்' என்று அச்சடித்தால் போதும் என்றார் செயலாளர். உங்களுக்கு நான் ஒரு சேதி சொல்ல வேண்டும் என்றேன்.

"அதுக்கு எதுக்குவே மலரு? வீட்ல படத்துக்கு முன்னால நின்னு சொல்ல வேண்டியதுதானே?"

"தனியா சொன்னா அழுக வருது அண்ணாச்சி. நாலு பேரு படிக்காவன்னா கொஞ்சம் யோக்கியமா இருப்பேன்லா."

படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இவர் என் அக்காள் புருஷன். முக்கூடலில் எனக்கும் இவருக்கும் பொதுவாக ஒரு பழைய டீசல் வேன். கல்யாணம், கோவில், ஆஸ்பத்திரி என்று ஊரையே ஏற்றி இறக்கிய வண்டி. இவர் ஓட்டுவார், நான் பின்னால் நின்று ஆட்களை ஏற்றுவேன். ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை படித்தும் மூன்றாவது தடவை படிக்க ஆசைப்படாத எனக்கு அதற்கு மேல் தகுதி இல்லை என்பது இவர் தீர்ப்பு. போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசியில் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குழாயடியிலேயே உட்கார்ந்தார். அத்தோடு சரி. அன்று முதல் வேன் என் கையில்.

இனி உங்களோடு பேசுகிறேன் அத்தான்.

நம் செல்வி உண்டாகியிருந்தாள். நீங்கள் பார்த்துக் கட்டிக்கொடுத்த மாப்பிள்ளை நல்ல மாப்பிள்ளைதான். ஆனால் மணிமுத்தாற்று அணைக்கு மேலே, அந்த மலையில், தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவனைத்தானா பார்க்க வேண்டும்? வளைகாப்பு முடிந்ததும் பிள்ளையைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அது தாய்மாமன் பொறுப்பு. பொறுப்பை நான் ஏற்றேன். வேனைத்தான் அக்கா ஏற்கவில்லை.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை வீடு பார்த்துவிட்டு அதே மலையில் நாம் இறங்கி வந்த அன்று, முன் சக்கரத்துப் பிரேக் டிரம் இரண்டும் சூடேறி, கருகிய வாடை அடித்து, நீங்கள் மிதித்த பிரேக் அடி வரை போய்விட்டது. வண்டியை மண்சரிவில் உரசி நிறுத்தினீர்கள். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அக்கா இறங்கி, சேலையைச் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். டிரம் ஆறின பிறகு நீங்கள் முதல் கியரில் அவள் பின்னாலேயே ஊர்ந்து, "ஏறுட்டி, ஏறுட்டி" என்று ஜன்னல் வழியே கெஞ்சிக்கொண்டே வந்தீர்கள். அவள் மலை முழுதும் நடந்தே இறங்கினாள். அதற்குப் பிறகு அந்த வேனில் ஏறவே இல்லை. நீங்கள் போன அன்று கூட அவளை வேறு வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம்.

"பிள்ளத்தாச்சிய அந்த வேன்ல ஏத்த மாட்டேன். அம்பாசமுத்திரத்துல ஒரு காரு பேசுலே" என்றாள்.

சரி என்றேன். காரும் பேசியிருப்பேன் அத்தான். ஆனால் தோட்டத்து ஆபீஸ் போனிலிருந்து நம் தெரு எஸ்டிடி பூத்துக்குச் செல்வி கூப்பிட்டாள். "மாமா, அப்பா வேன எடுத்துட்டு வாங்க. அதுல ஏறுனாத்தான் எனக்கு வீட்டுக்கு வந்தாப்புல இருக்கும்" என்றாள். நான் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. ஒரு வீட்டில் இரண்டு பெண்களுக்கு இரண்டு விதமாக வாக்குக் கொடுத்தவன் என்ன செய்வான்? நான் வேனுக்கு அடியில் போய்ப் படுத்தேன்.

இதே கம்பெனியின் புது வேன்களில் முன்னால் டிஸ்க் பிரேக் வருகிறது என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருப்பீர்களே. டிரம் என்றால் மூடின சட்டி, சூடு உள்ளேயே அடைந்து கிடக்கும். டிஸ்க் என்றால் திறந்த தட்டு, காற்றுப் பட்டுச் சீக்கிரம் ஆறிவிடும். அந்தத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்க ஓர் இரும்புச் சாமான் உண்டு. காலிப்பர் என்கிறார்கள், நான் கவ்வி என்கிறேன். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்றீர்கள், மாற்றாமலே போய்விட்டீர்கள்.

மேலப்பாளையம் போகிற வழியில் பழைய வண்டி உடைக்கிற கடை ஒன்று இருக்கிறது. அங்கே பின்பக்கம் நசுங்கின புது மாடல் வேன் ஒன்று கல் மேல் உட்கார்ந்திருந்தது. அதன் முன்பக்கம் முழுசாக இருந்தது. கடை அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு நானே உட்கார்ந்து கழற்றினேன். சக்கரம் மாட்டுகிற அச்சு, டிஸ்க், கவ்வி, பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர், எல்லாம். மாறிப் போகக் கூடாது என்று வெள்ளைப் பெயின்ட் வாங்கி, வடக்குச் சக்கரத்துக் கவ்வியில் 'வ' என்றும் தெற்குச் சக்கரத்துக் கவ்வியில் 'தெ' என்றும் எழுதினேன். நம் ஊரில் இடது வலது என்று பேசுகிறவர் டிரில் வாத்தியார் ஒருவர்தானே. என் முன்யோசனையை நானே மெச்சிக்கொண்டேன்.

வீட்டு முன்னால் வேனை ஜாக்கி வைத்துத் தூக்கி, மரக்கட்டை கொடுத்து நிறுத்தி வேலையை ஆரம்பித்தேன். பழைய டிரம் சுலபத்தில் வரவில்லை. சுத்தியலால் தட்டினதில் அது அசையவில்லை, எதிர் வீட்டுக் கைக்குழந்தைதான் எழுந்தது. அச்சுகள் தங்கள் பக்கம் தவிர வேறு பக்கம் மாட்டவே மாட்டாது, புத்தியுள்ள இரும்பு. கவ்வி அப்படி இல்லை. எந்தப் பக்கம் கொடுத்தாலும் விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். புது ரப்பர் போட்டு, புதுக் குழாய் போட்டு, 'வ'வை வடக்கிலும் 'தெ'யைத் தெற்கிலும் முறையாக மாட்டினேன்.

பிறகு ஏர் எடுக்க வேண்டும். பிரேக் எண்ணெய்க்குள் காற்று நின்றால் பிரேக் பிடிக்காது. ஒருவர் மேலே மிதிக்க, ஒருவர் கீழே கவ்வியில் இருக்கிற சின்ன நிப்பிளைத் திறந்து காற்றை விட வேண்டும். மிதிக்க என் வீட்டுக்காரி வடிவை உட்கார வைத்தேன்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"அப்படியே பிடி. விட்டுராத."

"பிடிச்சிருக்கேன்."

"இப்ப விடு."

இப்படியே ஒரு பொழுது போயிற்று. கொப்புளம் வருவது நின்றுவிட்டது, எண்ணெய் தெளிவாக வந்தது. ஆனால் பிரேக்கை மிதித்தால் இலவம்பஞ்சுத் தலையணையை மிதிப்பது மாதிரி அமுங்கியது. மறுநாளும் அதுவேதான். அதற்கு மறுநாளும் அதுவேதான்.

"தையல் மிசின இத்தன மிதி மிதிச்சிருந்தா தெருவுக்கே ஜாக்கெட் தச்சிருப்பேன்" என்றாள் வடிவு. "கால் வலி கூடப் பரவால்லங்க. இந்த மிதி, பிடி, விடுன்னு சொல்லுதீகளே, அதத்தான் தாங்க முடியல. கல்யாணம் ஆன நாள்லேந்து அதான நடக்கு?"

கொஞ்சம் அமுங்கினால் என்ன, புது பிரேக் பழகப் பழக இறுகும் என்று எனக்கு நானே ஒரு விஞ்ஞானம் சொல்லிக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவள் வந்தாள், இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு. ஆற்றுக்கு இறங்குகிற சரிவில் ஆள் யாரும் வராத இடமாகப் பார்த்து, நடு ரோட்டில் குடத்தை வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றாள்.

"இதுக்கு இங்கன நிப்பாட்டு. பெறவு பேசுவோம்."

நான் பைய, உருட்டிக்கொண்டுதான் வந்தேன். முதல் மிதிக்கு ஒன்றும் இல்லை. இரண்டாம் மிதிக்குக் கொஞ்சம். மூன்றாம் மிதிக்கு நன்றாகவே நின்றது, குடத்தின் மேல்.

அக்கா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. சக்கரத்துக்கு அடியிலிருந்து குடத்தை உருவி எடுத்தாள். அது தோசைக்கல் மாதிரி இருந்தது.

"கொடம் போனா வேற கொடம் வாங்கிக்கிடலாம்லே. எனக்கு இருக்கது ஒரு மக."

நசுங்கின குடத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் அந்தச் சரிவிலேயே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன் அத்தான். விளையாட்டாக எடுத்த வேலை இல்லைதான். ஆனால் அதுவரை என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவதற்குச் செய்தேனா, செல்விக்காகச் செய்தேனா? நீங்கள் பக்கத்தில் இருந்தால் கேட்டிருப்பீர்கள். இல்லாததால் நானே கேட்க வேண்டியதாயிற்று.

மறுநாள் காலையில் அம்பாசமுத்திரத்துக்குப் போய்க் காருக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மாஸ்டர் சிலிண்டர்தான் கோளாறு, கடை அண்ணாச்சியிடம் ஒரு சண்டை போட்டுப் பார்த்துவிடுவோம் என்று எதிர்த் திசையில் பஸ் ஏறினேன்.

"ஏன்வே," என்றார் அவர், டீ கிளாஸைக் கீழே வைக்காமல். "இடிஞ்ச வீட்ல செங்கல் பெறக்கிட்டுப் போனவன் கூட, சன்னல் சரியா மூடலன்னு திரும்பி வந்ததில்ல. நீரு வந்து நிக்கீரு."

"சிலிண்டரு சரியில்ல அண்ணாச்சி."

"அங்கன நிக்கி பாரும் அந்த வண்டி. அதுகிட்ட போய்க் கேளும்."

போனேன். முன்பக்கம் முழுதும் உருவப்பட்டு, பல் பிடுங்கின வாய் மாதிரி அந்த வேன் அதே கல் மேல் நின்றது. காலை வெயில் அதன் கண்ணாடியில் நேராக விழுந்து என் கண்ணைக் கூசச் செய்தது. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். நம் வேனின் கண்ணாடியில் காலை வெயில் படாதே அத்தான். சாயங்கால வெயில்தானே படும். டாஷ்போர்டு வெளுத்துப் போகிறது என்று சாக்கை மாட்டி வைப்போமே.

அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கடை வேன் கிழக்கே பார்த்து நிற்கிறது. நம் வேன் மேற்கே பார்த்து நிற்கிறது. இங்கே வடக்குச் சக்கரம் என்பது அங்கே தெற்குச் சக்கரம். நான் இரண்டு கவ்வியையும் திசை மாறாமல், ரொம்ப ஒழுங்காக, பக்கம் மாற்றி மாட்டியிருக்கிறேன்.

"என்னவே, வண்டி பதில் சொல்லுச்சா?" என்றார் அண்ணாச்சி.

"சொல்லிட்டுது அண்ணாச்சி. டீக்குக் காசு நான் குடுக்கேன்."

வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால், கவ்வியின் நிப்பிள் கீழே இருக்கிறது. அது மேலே இருக்க வேண்டியது. காற்று மேலேதான் நிற்கும், நான் கீழே திறந்து திறந்து மூடினால் எண்ணெய்தான் வரும். காற்று உள்ளே சவுகரியமாக உட்கார்ந்து வடிவு மிதிப்பதை வேடிக்கை பார்த்திருக்கிறது. பல் டாக்டரிடம் போய் மேற்குப் பக்கத்துக் கடவாய்ப்பல் வலிக்கிறது என்று சொன்னவன் நான். அவர் நாற்காலியைத் திருப்பினபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? ஆனால் நீங்கள் மட்டும் என்ன. மலையில் ஒவ்வொரு திருப்பத்திலும் "வடக்க ஒதுங்கு, தெக்க ஒதுங்கு" என்று பின்னால் வருகிற வண்டிக்காரனுக்குக் கையைக் காட்டினவர்தானே.

வடிவிடம் சொல்லாமலே மாற்றிவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் மிதிக்க ஆள் வேண்டுமே. சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"ஊரு மாறுனாலும் வடக்கு மாறாது. வண்டி திரும்பும்லா?" என்றாள். "இத ஒருத்தரும் ஒங்களுக்குச் சொல்லித் தரலியா?" அதற்குப் பிறகு சிரித்தாள். சிரித்து முடிக்கிற வரைக்கும் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

கவ்விகளைப் பக்கம் மாற்றி, நிப்பிள் மேலே வரும்படி மாட்டினோம். அவள் மிதித்தாள். காற்று குபுகுபு என்று வந்தது, அடைத்து வைத்திருந்த கோபம் மாதிரி. கொஞ்ச நேரத்தில் வடிவு, "ஏங்க, இது கல்லு மாதிரி நிக்கி" என்றாள். நான் ஏறி மிதித்தேன். நின்றது அத்தான். காலுக்குக் கீழே தரை வந்த மாதிரி இருந்தது.

இந்தத் தடவை அக்காவை உடனே கூப்பிடவில்லை. ஊருக்கு வெளியே கொண்டு போய் வெறும் வண்டியாகவும், மணல் மூட்டை ஏற்றியும் ஓட்டி ஓட்டி நிறுத்திப் பார்த்தேன். ஜங்ஷனில் பிரேக் வேலையே செய்கிற மெக்கானிக் ஒருவரிடம் காட்டி, அவரையே ஓட்டச் சொன்னேன். "வீட்லயா செஞ்சீரு?" என்று கேட்டுவிட்டு, ஒரு நட்டைக் கூடுதலாக இறுக்கிக் கொடுத்தார். பிறகுதான் அக்கா வாசலில் போய் நின்றேன். நடந்தது முழுவதையும், வடக்குத் தெற்கு உட்பட, ஒளிக்காமல் சொன்னேன்.

"இன்னொரு கொடம் வைக்கியா? நிப்பாட்டிக் காட்டுதேன்."

"வேண்டாம்." அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. "கொடத்தோட போவட்டும். மலைக்கு நானும் வாரேன். போவும்போது பாத்துக்கிடுதேன். எனக்குச் சரியாப் படலன்னா எறங்கிருவேன். என் மகளும் நானும் வேற வண்டியில வருவோம். நீ ஒண்ணும் சொல்லப்படாது."

நான் வேனைக் கழுவப் போனேன்.

மலைக்குக் கிளம்பும்போது அவள் என் பக்கத்து முன் சீட்டில், நீங்கள் போன பிறகு யாரையும் உட்கார வைக்காத அந்த இடத்தில் உட்கார்ந்தாள். வளைகாப்பு நன்றாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, சாம்பாரில் மட்டும் பெருங்காயம் கொஞ்சம் தூக்கல். செல்வி கை நிறைய வளையலோடு வந்து, நடு சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டாள். வண்டிக்குள் ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டுக் கண்ணை மூடினாள். டீசலும் பழைய ரெக்சினும் சேர்ந்த அந்த வாடைக்காகவா ஒருத்தி காரை வேண்டாம் என்பாள்?

இறக்கம் ஆரம்பித்தது. நான் இரண்டாம் கியரில் பைய இறங்கினேன். பாதி ரோட்டைப் பார்த்தேன், மீதி ஓரக்கண்ணால் அக்காவின் காலைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் கால் தரை விரிப்பை அமுக்கியது. அங்கே பிரேக் இல்லை, வெறும் தகரம்தான். ஆனாலும் நான் மிதிப்பதற்கு முன்னால் அவள் மிதித்தாள், நான் எடுத்த பிறகுதான் அவள் எடுத்தாள். கருகிய வாடை வருகிறதா என்று மூக்கு வேறு விரிந்து விரிந்து அடங்கியது.

பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பினால், நடு ரோட்டில் ஒரு காட்டுமாடு. கூடவே கன்று. நான் யோசிக்கவில்லை, கால்தான் யோசித்தது. வேன் மூக்கை லேசாகத் தாழ்த்தி, ஒரு பக்கமும் இழுக்காமல், நேராக நின்றது. மாடு எங்களைப் பார்த்தது. கன்றை முன்னால் விட்டு, அவசரப்படாமல், அது சரிவில் இறங்கிப் போயிற்று.

திரும்பிப் பார்த்தேன். செல்வி தூங்கிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த வளையல் கூடக் குலுங்கவில்லை.

அக்காவும் திரும்பிப் பார்த்தாள். மகளை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு முன்னால் திரும்பி, செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"போலே," என்றாள். "ஒங்கத்தான் இப்பிடித்தான் நிப்பாட்டணும்னு ஆசப்பட்டாவ."

மீதி மலை முழுதும் அவள் காலைக் கீழே போடவில்லை.

பிள்ளை பிறந்துவிட்டது அத்தான். பெண். உங்கள் மூக்கு, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. தாயும் பிள்ளையும் சுகம். நேற்று சாயங்காலம் அக்கா பிள்ளைக்கு வெந்நீர் வைத்துக்கொண்டே, "ஏலே, இது கொஞ்சம் வளரட்டும். திருச்செந்தூருக்குப் போயி முடி எறக்கிட்டு, அப்படியே புன்னக்காயல்ல நம்ம ஆறு கடல்ல சேருத எடத்தையும் பாத்துட்டு வருவோமா? ஒங்கத்தான் கூப்பிட்டாவ, நாந்தான் வர மாட்டேன்னேன்" என்றாள். காருக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன், விளையாட்டுக்கு. வெந்நீரை என் மேல் ஊற்றப் பார்த்தாள்.

கூட்டிப் போவேன் அத்தான். அவள் சொல்கிற ஊருக்கெல்லாம், அவள் நில் என்கிற இடத்தில் நிறுத்தி, கூட்டிப் போவேன். முன் சீட்டு அவளுடையது. அதில் அவள் காலை மடக்கி உட்காரும்படியே ஓட்டுவேன்.

உங்கள் பெண்டாட்டிக்குத் தம்பியும், உங்கள் பேத்திக்கு முடியிறக்க மடி கொடுக்கக் காத்திருக்கிறவனுமான,
உங்கள் மச்சினன்
சுடலைமுத்து
முக்கூடல்